துரு எந்தக் கணக்கில் சேரும்?

கேள்வி: ஜூலை 2, காலை

என் பெண் பத்தாவது படிக்கிறாள். வேதிவினை ஐந்து வகை என்று பாடம்: சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல். எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கம். வாசல் கேட் நாலு வருஷத்தில் பொரபொரவென்று உதிர்கிறது. துருப்பிடிப்பது இந்த ஐந்தில் எது என்று கேட்டாள். பள்ளியில் சேர்க்கை என்றார்களாம், டியூஷனில் 'மெதுவாக எரிவது' என்றார்களாம். என் மச்சான் 'இரண்டுமில்லை, அது நோய்' என்கிறான். யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள்.

பதில்: ஜூலை 2, இரவு 9.40

பரீட்சைக்கு என்றால் சேர்க்கை. எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளட்டும். இரும்பு, ஆக்ஸிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்து நீரேறிய இரும்பு ஆக்ஸைடு ஆகிறது. பல பொருள் கூடி ஒன்றானால் சேர்க்கை, அவ்வளவுதான்.

நான் ஆசிரியர் இல்லை. ஒரு மேல்நிலைப்பள்ளியில் 31 வருஷம் லேப் அசிஸ்டென்ட். வினையைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், ஆசிரியர் விளக்குவார், மணி அடித்ததும் எல்லாரும் போய்விடுவார்கள். மிச்சத்தைக் கழுவுவது நான். எனக்குத் தெரிந்த வேதியியல் எல்லாம் கழுவுத்தொட்டிப் பக்கம் நின்று தெரிந்துகொண்டது. அந்த அளவில் ஒன்று சொல்வேன்: எரிதல் கிடையாது. எரிந்தால் சுடும், வெளிச்சம் வரும். உங்கள் கேட்டைத் தொட்டு யாராவது கையைச் சுட்டுக்கொண்டார்களா?

ஜூலை 3, காலை 6.15

தூக்கம் வரவில்லை. அடுப்படி ஜன்னலில் ஐந்து பாட்டில் வைத்திருக்கிறேன். ஐந்திலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஆணி ஒவ்வொன்று.

முதல் பாட்டிலில் குழாய்த் தண்ணீர், ஆணி பாதி நனைந்தபடி. இரண்டாவதில் கொதிக்கவைத்த தண்ணீர், ஆணி முழுக மூழ்கும்படி, மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய். மூன்றாவதில் தண்ணீரே இல்லை. ஈரத்தை இழுக்க ஒரு சுட்ட சுண்ணாம்புக் கட்டி போட்டு இறுக மூடியாயிற்று. நான்காவதில் வெள்ளிக் கடற்கரையில் பிடித்துவந்த கடல் தண்ணீர். ஐந்தாவதிலும் அதே தண்ணீர்தான், ஆனால் ஆணியைச் சுற்றி ஒரு துத்தநாகத் தகடு. பழைய டார்ச் பேட்டரி ஒன்றின் கூட்டை வெட்டி எடுத்தது. நல்லெண்ணெய் எங்கே போனது என்று வீட்டில் கேள்வி வந்தது. விஞ்ஞானம் என்றேன். மதிப்பில்லை.

முதல் மூன்று பாட்டில் பள்ளிக்கூடத்துப் பழைய பாடம்தான். நாலும் ஐந்தும் உங்கள் கேட்டுக்காக.

ஜூலை 3, இரவு

'கழுவுகிறவருக்கு வகை எப்படித் தெரியும்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நன்றாகவே தெரியும். மாலை 4 மணிக்குத் தொட்டியில் குவிந்திருக்கும் சோதனைக்குழாய்களைப் பார்த்தே அன்றைக்கு எந்தப் பாடம் என்று சொல்லிவிடலாம்.

துத்தநாகத் துண்டில் நீர்த்த அமிலம் விட்ட குழாயா, வாயு போய்விட்டது. ஒரு அலசு, முடிந்தது. மீந்த துண்டைத் தனியாக எடுத்துவைப்பேன், அடுத்த வகுப்புக்கு ஆகும். இரட்டை இடப்பெயர்ச்சி என்றால் பிரஷ் வேண்டும். இரண்டு தெளிந்த கரைசலைக் கலப்பார்கள், கரையாத திடப்பொருள் வீழ்படிவாக இறங்கும், அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சில்வர் குளோரைடு தயிர் திரிந்த மாதிரி இருக்கும், அம்மோனியா விட்டால் கரைந்துவிடும். பேரியம் சல்பேட் அப்படி இல்லை. மாவு மாதிரி மெல்லிசு. லேபில் இருக்கும் எந்த நீர்த்த அமிலத்துக்கும் மசியாது, வடிதாளில்கூட நழுவிப் போகும். அதற்கு முழங்கை பலம்தான் மருந்து. ஒற்றை இடப்பெயர்ச்சியில் செம்பு அல்லது வெள்ளி படிந்த குழாய் என்றால் நைட்ரிக் அமிலம், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு; பழுப்புப் புகை வரும்.

சிதைவு வினைக் குழாய்தான் சோகம். சூடேற்றிச் சூடேற்றி அடி விரிசல் விட்டிருக்கும். கழுவ வேண்டியதில்லை, உடைசல் பதிவேட்டில் எழுத வேண்டியதுதான்.

சில்வர் நைட்ரேட் பற்றி ஒரு வார்த்தை. அது கையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, தண்ணீர் மாதிரி இருக்கும். வெயில் பட்டதும் விரல் கறுக்கும். சோப்புக்குப் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். என் கொழுந்தியாள் கல்யாணத்தில் திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில் பத்து விரலும் கறுப்பாகப் பந்தி பரிமாறினேன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டார். ஒளிச்சிதைவு என்று அவருக்கு எப்படி விளக்குவது?

ஜூலை 3, இரவு, பத்து நிமிஷம் கழித்து

தோலில் நடப்பது வெறும் ஒளிச்சிதைவு என்று சொல்லிவிட முடியாது. தோலில் இருக்கும் பொருள்களும் சில்வர் அயனியை ஒடுக்கி உலோக வெள்ளியாக்குகின்றன, வெளிச்சம் அதற்கு உதவுகிறது. பாடத்தில் ஒளிச்சிதைவுக்குக் காட்டுவது சில்வர் புரோமைடு. பழைய போட்டோ பிலிம் வேலை செய்தது அதை வைத்துத்தான். பந்தியில் எழுந்துபோனவர் விஷயத்தில் மாற்றமில்லை.

ஜூலை 5

பாட்டில் நிலவரம்: முதலாவதில் தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பழுப்பு. நான்காவதில் அடியில் காவி வண்டல். மூன்றாவது பளபளப்பு. ஐந்தாவதில் ஆணி அப்படியே, தகட்டின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. இரண்டாவதில், நம்பவே முடியவில்லை, லேசான பழுப்புப் புள்ளி. அங்கே காற்றே இருக்கக் கூடாதே.

சுண்ணாம்புக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்றாவது பாட்டிலுக்குச் சுட்ட சுண்ணாம்பு தேடி அலைந்ததில் பழைய ஞாபகம் எல்லாம் வந்துவிட்டது. இந்த ஐந்து வகையையும் படிக்க லேப் எதற்கு? சின்ன வயதில் உப்பனாற்றுக் கரையில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுப்போம். காளவாயில் கிளிஞ்சலும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டுச் சுடுவார்கள். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூட்டில் கார்பன் டை ஆக்ஸைடு பிரிந்து கால்சியம் ஆக்ஸைடு மிஞ்சும். அது சிதைவு. 100 கிலோ சுத்தமான கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும், மீதி 44 கிலோ காற்றோடு போய்விடும். கூடையைத் தூக்குகிற ஆளுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். போட்டபோது கனத்த கிளிஞ்சல், எடுக்கும்போது அப்பளம் மாதிரி லேசாக இருக்கும்.

சுட்டதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதிக்கும். அடுப்பில்லாமல் ஒரு தொட்டி தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்த பிள்ளைக்குச் 'சேர்க்கை வினை, வெப்பம் உமிழும் வினை' என்று தனியாகச் சொல்லித்தர வேண்டாம். எங்களை 'கிட்ட வராதே, கண்ணு போயிடும்' என்று விரட்டுவார்கள், விரட்டியது சரிதான். அப்புறம் மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசுவார்கள். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடுகளின் சுவரெல்லாம் இந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான். பூசியது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்ல இழுத்து, தண்ணீரை விட்டு, திரும்பக் கால்சியம் கார்பனேட் ஆகும். கடலில் கிளிஞ்சலாக இருந்தது சுற்றிவந்து சுவரில் மறுபடி கிளிஞ்சலாகிவிடுகிறது. சிமென்ட் வந்த பிறகு காளவாய்க்கு ஆள் குறைந்துபோனது.

இப்போது உங்கள் பெண்ணிடம் ஒன்று கேளுங்கள். சுவரில் கடைசியாக நடந்தது எந்த வகை? இரண்டு பொருள் சேர்ந்தது, ஆனால் ஒன்றாகவில்லை, தண்ணீர் தனியாக வெளியே வந்தது. சேர்க்கை இல்லை, சிதைவு இல்லை, இடப்பெயர்ச்சி என்றால் யார் யாரை இடம் பெயர்த்தது? அமிலத்தன்மையுள்ள வாயுவும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் தந்ததால் நடுநிலையாக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். சண்டை போட்டுத்தான் பெட்டிக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 6

இரண்டாவது பாட்டில் ஏன் கெட்டது என்று புரிந்துவிட்டது. கொதித்த தண்ணீரை உயரத்திலிருந்து டீ ஆற்றுவதுபோல ஊற்றினேன். விரட்டின காற்றை நானே திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு நன்றாகக் கொதிக்கவிட்டு, பாட்டிலை வாளியில் சாய்த்துப் பிடித்து, சத்தம் வராமல் ஊற்றி, புது ஆணி போட்டு எண்ணெய் விட்டாயிற்று. நல்லெண்ணெய் கிடைக்கவில்லை, தேங்காயெண்ணெய்.

ஜூலை 6, மாலை

'சிதைவு என்றாலே சூடேற்ற வேண்டும்தானே' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆமாம் என்று பதில் அடித்து அனுப்பியும் விட்டேன். தப்பு. அழிக்க முடியவில்லை, எனவே இங்கேயே திருத்துகிறேன். ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஒரு சிட்டிகை மாங்கனீசு டை ஆக்ஸைடு போட்டால் போதும், நுரைத்துக்கொண்டு ஆக்ஸிஜன் வரும், அடுப்பே வேண்டாம். மின்சாரம் செலுத்தினால் தண்ணீர் பிரியும். சில சிதைவுகளுக்குத் தீக்குச்சி காட்டினால் போதும், மேற்கொண்டு அதுவே சூட்டைக் கொடுத்துக்கொண்டு ஓடும்.

கடைசியாகச் சொன்னதற்கு என் சட்டையே சாட்சி. ஒரு வருஷம் பள்ளிக் கண்காட்சியில் எரிமலை காட்ட வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். ஆரஞ்சு நிற அம்மோனியம் டைகுரோமேட்டைக் கோபுரமாகக் குவித்து நடுவில் தீ வைத்தோம். பொறி பறந்து, உறுமி, குவியலைவிடப் பல மடங்கு பச்சைப் பொடி மேலே எழும்பியது. நைட்ரஜனும் நீராவியும் வெளியேற மிஞ்சும் குரோமியம் ஆக்ஸைடு அது. மின்விசிறியை யாரோ போட்டுவிட்டார்கள். சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியர், முதல் வரிசைப் பெற்றோர், எல்லார் வேட்டியும் பச்சை. சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த ஆரஞ்சுப் பொருள் புற்றுநோய் தரக்கூடிய குரோமியம் சேர்மம். இன்றைக்கு யார் கேட்டாலும் எடுத்துத் தர மாட்டேன்.

ஜூலை 8

இடப்பெயர்ச்சிக்கு ஆசிரியர்கள் சொல்லும் உவமை, ஜோடி மாற்றி ஆடும் நடனம். நம் ஊரில் யார் ஜோடியாக ஆடுகிறார்கள்? நான் பிள்ளைகளுக்குச் சொன்னது பஸ். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறான் ஒருவன். அவனைவிட பலசாலி ஏறி, துண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரும்பு பலசாலி, செம்பு துண்டு போட்டவன். செம்பு இரும்பை எழுப்ப முடியாது, அது வெள்ளியைத்தான் எழுப்பும்.

இந்தப் பலப்பரீட்சையை என் அப்பா லேபுக்கு வெளியே செய்துகொண்டிருந்தார், எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம், தென்னை, ஓரத்தில் கொடிக்கால். மழைக்காலத்தில் வெற்றிலைக்கு அழுகல் வந்தால் போர்டோ கலவை அடிப்பார். 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தைத் தனியாகக் கரைப்பார், சுண்ணாம்பைத் தனியாக நீற்றிப் பாலாக்குவார். துத்தக் கரைசலை மெல்ல மெல்லச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் குச்சியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. இரும்பு வாளியைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அடி விழும். மண் தொட்டி இல்லையென்றால் பிளாஸ்டிக் டிரம். வானநீலத்தில் கொழகொழவென்று கலவை வரும். அப்புறம் இடுப்பிலிருந்து வெற்றிலை அரியும் கத்தியை எடுத்து, கல்லில் இரண்டு தேய் தேய்த்து, கலவையில் ஒரு நிமிஷம் முக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கத்தி வெள்ளையாகவே இருந்தால் தெளிப்பானில் ஊற்றலாம். அலகில் செம்பு ஏறியிருந்தால் இன்னும் ஒரு சொம்பு சுண்ணாம்புப் பால்.

கலவை தயாராவது இரட்டை இடப்பெயர்ச்சி: காப்பர் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்ஸைடும் சேர்ந்து காப்பர் ஹைட்ராக்ஸைடு நீலமாக வீழ்படிகிறது. கத்திச் சோதனை ஒற்றை இடப்பெயர்ச்சி. மாட்டிக்கொள்ளாத செம்பு அயனி கரைசலில் மிச்சம் இருந்தால் கத்தியின் இரும்பு அதை வெளியே தள்ளிவிடும். அந்த மிச்சச் செம்புதான் இலையைக் கருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஊருக்குப் போய் அப்பாவிடம் இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'அதான், சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம்' என்றார்.

இந்தக் கலவைக்குப் பெயர் பிரான்ஸின் போர்டோவிலிருந்து வந்தது. அங்கே சாலையோரத் திராட்சைக் கொடிகளில், போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமலிருக்க, பார்க்கவே அருவருப்பாக இந்தச் செம்பு-சுண்ணாம்புக் கலவையை அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் பூஞ்சை நோய் வரவில்லை என்பதை மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885இல் அதை மருந்தாக வெளியிட்டார். புதுச்சேரியில் எத்தனையோ தெருவுக்குப் பிரெஞ்சுப் பெயர். எங்கள் கொடிக்காலுக்குள் வந்த ஒரே பிரெஞ்சுச் சொல் இதுதான், அதையும் அப்பா 'போடா கலவை' என்பார்.

ஜூலை 9

பஸ் உவமை இரட்டை இடப்பெயர்ச்சிக்கு உதவாது என்று ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். இரண்டு பஸ்ஸில் ஆள் மாறி உட்கார்ந்தால் யாருக்கு என்ன லாபம்? லாபமில்லாமல் வினை நடக்காது. சமையலுப்புக் கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால் காகிதத்தில் அழகாகச் சமன்பாடு எழுதலாம், குழாயில் ஒன்றும் நடக்காது. நாலு அயனியும் முன்பு திரிந்தபடியே திரிந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு ஜோடி கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்: வீழ்படிவாகவோ, வாயுவாகவோ, தண்ணீராகவோ. அதுதான் லாபம்.

மரக்காணம் உப்பளத்தில் இது பெரிய அளவில் நடக்கிறது. கடல் தண்ணீரில் சோடியம், மெக்னீசியம், கால்சியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் அவரவர் பாட்டுக்கு இருக்கிறார்கள். வெயில் தண்ணீரை இழுக்க இழுக்க, கரைதிறன் குறைந்த ஜோடி முதலில் விலகுகிறது. கால்சியம் கார்பனேட், அப்புறம் ஜிப்சம், பிறகுதான் உப்பு. உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் பாமே மானியில் 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்க ஆரம்பிக்கும். கடைசிவரை மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம். உப்பளக்காரர் அதை வடித்துவிடாமல் விட்டால் உப்பு கசக்கும், மழைக்காலத்தில் நீர்த்துப்போகும். இது வேதிவினையா, வெறும் படிகமாதலா என்று கேட்டால், எனக்குக் கோடு போடத் தெரியவில்லை. வெள்ளை வீழ்படிவு சோதனைக்குழாயில் விழுந்தால் வினை என்கிறோம், பாத்தியில் விழுந்தால் விளைச்சல் என்கிறோம்.

ஜூலை 11

பாட்டில் 2 (மறுபிறவி): சுத்தம்.

பெர்மாங்கனேட் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஐந்து பெட்டிக் கதை எனக்குள் உடைந்தது அதில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முறித்தல், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை. கூம்புக்குடுவையில் ஆக்ஸாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும், 60, 70 டிகிரிக்குச் சூடுபண்ணி வைத்திருக்கும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலின் முதல் சொட்டு விழும். நிறம் போகாது. பையன் பயந்து என்னைப் பார்ப்பான். 'பொறு' என்பேன். அரை நிமிஷம் ஆட்டினால் பழுப்பாகி, வெளிறி, மறையும். அடுத்த சொட்டு சீக்கிரம் மறையும், அதற்கடுத்தது விழுந்த வேகத்தில். வினையில் பிறக்கும் மாங்கனீசு அயனியே அடுத்த வினைக்கு வினையூக்கி. சூடு பத்தாமல் அவசரப்பட்டால் பழுப்பாகக் கலங்கிவிடும், முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இந்த வினை எந்த வகை? சேர்க்கை இல்லை. சிதைவு இல்லை. யாரும் யார் இடத்திலும் உட்காரவில்லை. தீ இல்லை. ஐந்திலும் இடமில்லாத ஒரு வினைக்கு அரசுப் பொதுத்தேர்வில் மதிப்பெண் கொடுக்கிறார்கள்! ஒரு வேதியியல் ஆசிரியர், ஓய்வு பெற்றுவிட்டார், கழுவிக்கொண்டிருந்த என்னிடம் தொட்டியோரம் நின்று சொன்னார்: 'ஆள் எங்கே உட்கார்ந்தான்னு பாக்காதீங்க, எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் நடந்துதான்னு பாருங்க.' பெர்மாங்கனேட் வாங்குகிறது, ஆக்ஸாலிக் அமிலம் கொடுக்கிறது. கொடுத்தால் ஆக்ஸிஜனேற்றம், வாங்கினால் ஒடுக்கம்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து பெட்டியையும் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஒற்றை இடப்பெயர்ச்சியில் எப்போதும் கொடுக்கல் வாங்கல் உண்டு. இரட்டையில் கிடையாது, வெறும் ஆள் மாறாட்டம். சேர்க்கையிலும் சிதைவிலும் இரண்டு விதமும் கலந்து கிடக்கின்றன. மெக்னீசியம் ஆக்ஸிஜனோடு சேர்வது கொடுக்கல் வாங்கல். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்வதில் ஒரு எலக்ட்ரான்கூடக் கைமாறுவதில்லை. இரண்டும் ஒரே பெட்டி!

ஆமாம், முறித்தல் முடிந்த பியூரெட்டில் பழுப்புக் கறை பிடிக்கும். பிரஷ் போட்டால் போகாது. மிச்சமிருக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தையே ஊற்றி அலசினால் கண்ணெதிரே மறையும்.

ஜூலை 14

டியூஷன்காரரிடம் மன்னிப்பு. 2ஆம் தேதி 'எரிதல் கிடையாது' என்று மார்தட்டினேன். கிண்டல் செய்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள், ஒருவர் இரும்பு நாரை 9 வோல்ட் பேட்டரியில் தொட்டுக் கொளுத்திக் காட்டியிருக்கிறார். இரும்பு எரியும், நார் மாதிரி மெல்லிசாக இருந்தால். கட்டியாக இருக்கும் கேட்டும் துருப்பிடிக்கும்போது வெப்பத்தை வெளிவிடத்தான் செய்கிறது, நாலு வருஷத்தில் பரவிப்போவதால் கைக்குத் தெரிவதில்லை. குளிர் நாடுகளில் பையில் வைத்துக் கைசூடு காயும் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத் தூளும் உப்பும் கரித்தூளும் ஈரமும். வேகமாகத் துருப்பிடிக்க வைத்துச் சூடு வாங்குகிறார்கள். லவாய்சியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எரிதல், உலோகம் நீறாவது, மூச்சுவிடுவது எல்லாவற்றையும் ஆக்ஸிஜனோடு சேர்வது என்றுதான் ஒரே வரிசையில் வைத்தார். எனவே 'மெதுவாக எரிவது' என்பது முட்டாள்தனமான பதில் இல்லை. ஆனால் துருவுக்குத் தண்ணீர் வேண்டும், தீக்கு வேண்டாம். அந்த அளவுக்கு என் மானம் மிச்சம்.

எரிதலும் தனிப் பெட்டி இல்லை, மற்ற பெட்டிகளின் மேல் ஒட்டின சீட்டு. மெக்னீசியம் நாடா ஆக்ஸிஜனில் எரிந்தால் அது சேர்க்கை. அதையே கார்பன் டை ஆக்ஸைடு நிரம்பிய ஜாடிக்குள் விட்டால் அணையாது, படபடவென்று எரியும். ஜாடிச் சுவரில் கரிப்புள்ளி விழும். அங்கே மெக்னீசியம் கார்பனை எழுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறது, அதாவது இடப்பெயர்ச்சி. அந்த ஜாடியைக் கழுவியவன் நான், கரிக்கு நான் சாட்சி.

காஸ் அடுப்பில் ஒன்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை ஏற்றியதும் அடியில் வெளிப்பக்கம் ஈரம் படரும். ஓட்டை என்று என் வீட்டில் இரண்டு குண்டான் மாற்றியிருக்கிறார்கள். அது எரிவாயுவின் ஹைட்ரஜன் எரிந்து பிறந்த தண்ணீர். பாத்திரம் சூடானதும் காணாமல் போகும்.

2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்ததே, அதற்குப் பிறகு கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தியிலேயே காலம் ஓட்டினோம். காற்றுக்குப் பயந்து சுற்றிலும் தகரம் வைத்து மறைத்ததில் சுடர் நீண்டு மஞ்சளாகி, கூரையில் கரிவட்டம் விழுந்தது. காற்று பத்தாமல் அரைகுறையாக எரிந்தால் அப்படித்தான். வெள்ளையடித்த பிறகும் அந்த வட்டம் மங்கலாகத் தெரிகிறது. பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த வருஷம் அது, அப்பாவின் தென்னையும்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை 14, இரவு

விஷயத்துக்கு வரவில்லை. நாளைக்கு.

ஜூலை 16

கேட். துரு உருவாவது ஒரே வினை இல்லை, வரிசையாகப் பல. ஈரம் படிந்த இரும்பில் ஒரு இடம் எலக்ட்ரானை விட்டு இரும்பு அயனியாகக் கரைகிறது. எலக்ட்ரான் உலோகத்துக்குள்ளேயே ஓடி, காற்று நன்றாகக் கிடைக்கும் இன்னொரு இடத்தில் ஆக்ஸிஜனையும் தண்ணீரையும் ஹைட்ராக்ஸைடு ஆக்குகிறது. இரண்டு அயனியும் சந்திக்கும் இடத்தில் இரும்பு ஹைட்ராக்ஸைடு வீழ்படிகிறது. அது மேலும் ஆக்ஸிஜன் ஏறி, தண்ணீர் கொஞ்சம் விட்டு, காவிப் பொருக்காகிறது. கொடுக்கல் வாங்கல் ஒன்று, வீழ்படிவு ஒன்று, சிதைவு மாதிரி ஒன்று. மொத்த வரவு செலவு போட்டால் சேர்க்கை. பள்ளியில் சொன்னது அந்தக் கடைசி வரி.

உப்புக் காற்று ஏன் கெடுதல் என்றால், உப்பே துருவாக மாறுவதில்லை. ஈரத்தில் மின்னோட்டம் சுலபமாக ஓட வழி செய்துகொடுக்கிறது. குளோரைடு, இரும்பின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைக்கும். துறைமுகத்தில் இரும்புத் தூணைப் பாருங்கள். எப்போதும் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியைவிட, அலை தெறித்துத் தெறித்துக் காயும் இடம்தான் மோசமாக அரித்திருக்கும். அங்கேதான் உப்பு, ஈரம், காற்று மூன்றும் தாராளம். உங்கள் கேட்டுக்கும் அதே கதி. கீழ்க்கம்பி தெளிப்பில் நனைந்து காய்கிறதல்லவா, அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கும்.

ஜூலை 19

கேட் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார்: கீழ்க்கம்பியிலிருந்துதான் ஆரம்பித்ததாம். பெண் வகுப்புத் தேர்வில் 'சேர்க்கை' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'மொத்தத்தில்' என்று சேர்த்திருக்கிறாள். மதிப்பெண் முழுசு. அடைப்புக்குறியைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்களாம், எதற்கென்று தெரியவில்லை.

புது கேட்டுக்கு துத்தநாகப் பூச்சு போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்றால் பாட்டில் 5. பதினேழு நாள் கடல் தண்ணீரில் கிடந்தும் ஆணி உப்புத்தாள் கோடு தெரியும்படி இருக்கிறது. துத்தநாகத் தகடு வெள்ளை மாவாகக் கரைந்து, ஓரம் பிய்ந்துவிட்டது. எலக்ட்ரான் கொடுக்க வேண்டிய இடத்தில் இரும்புக்குப் பதில் அது கொடுத்திருக்கிறது. இரும்புப் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இதற்குத்தான். தீர்ந்துபோனால் மாற்ற வேண்டும், மறந்தால் இரும்பின் முறை.

பாட்டில் 1, 4 சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் 2 சுத்தம், ஆனால் தேங்காயெண்ணெய் சிக்கு வாடை.

பாட்டில் 3தான் விசித்திரம். ஆணி அன்று போட்டபடியே மின்னுகிறது. ஆனால் ஒன்றும் நடக்கக் கூடாத பாட்டில் என்று வைத்த அதில், கல் மாதிரி இருந்த சுண்ணாம்புக் கட்டி வெடித்து, ஊதி, பாதி பொடியாகக் கிடக்கிறது. தினமும் துருப்பிடித்ததா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன் அல்லவா, உள்ளே போன ஈரத்தையெல்லாம் அது குடித்திருக்கிறது. பொடியைக் கொட்டாமல் டப்பாவில் எடுத்துவைத்தேன். மாமியார் வெற்றிலைக்குக் கேட்டார். ஆணி கிடந்த சுண்ணாம்பு, தர மாட்டேன் என்றேன்.